வேனுக்குள் ஏற்றக் கூடாதவை

வியாழக்கிழமை விடியற்காலையில் நாவற்குடாவில் எங்கள் வளவிலிருந்து வேனை வெளியே எடுத்தேன். அக்கம்பக்கத்தார் எழும்புவதற்குள் பெரிய றோட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது என் எண்ணம். நாலு பேர் சுற்றி நின்று கேள்வி கேட்டால் எனக்குப் பதில் வராது. சிரிப்பேன், தலையைக் குனிவேன், அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதுதான் பாதிக் காரணம்.

நான் வாகனங்களுக்கு டிங்கர் வேலை செய்கிறவன். இடிபட்டு நெளிந்த தகரத்தை அடித்து நேராக்கிப் பெயின்ட் பூசுவது தொழில். இந்த வேனும் அப்படி விபத்தில் நசுங்கிக் கறாஜுக்கு வந்ததுதான். உடைமைக்காரர் வேண்டாம் என்று விட்டதை வாங்கி, வேலை முடிந்த பின்னேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தினேன். உள்ளே பலகைக் கட்டில், பக்கத்தில் தட்டு, காஸ் அடுப்புக்கு ஒரு மூலை, பற்றரியில் சுற்றும் சின்ன விசிறி. மனைவி யோகம் தன் பழைய சேலைகளை வெட்டி ஜன்னல்களுக்குத் திரை தைத்தாள். வாவியைச் சுற்றி ஒரு கிழமை, பிறகு வடக்கே பாசிக்குடா, திருகோணமலை, அதற்கப்பால் மனம் போன வழி என்று மூன்று மாதப் பயணம் போட்டிருந்தோம்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு அவளுக்கு. மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேருவார். எங்களுக்கு ஒரே மகள் சுதா. போன வருடம் களுதாவளையில் மாப்பிள்ளை எடுத்து, வீட்டை அவள் பேரில் எழுதிக் கொடுத்தோம். நாங்கள் பின்னறையில் இருந்தோம். மருமகன் ரமேஷ் தங்கமான பிள்ளை. ஒரு குறையும் இல்லை. நாங்கள் மூன்று மாதம் போகிறோம் என்றதும் சுதா இரண்டு நாள் அழுதாள். "இந்த வயசில வேனுக்குள்ள படுக்கப் போறீங்களா?" என்றாள். நான் கேட்கவில்லை.

சாமான் ஏற்றும் வேலையை யோகமும் நானுமாகச் செய்தோம். மூட்டை கட்டுவது எங்களுக்குப் புதிதில்லை. சண்டைக் காலத்தில் கட்டியிருக்கிறோம், வெள்ளத்துக்குக் கட்டியிருக்கிறோம். விட்டுவிட்டுப் போன எதுவும் திரும்பி வந்தபோது இருந்ததில்லை. அதனால் கையில் எது பட்டாலும் "இதையும் போடு" என்றுதான் வாயில் வந்தது. அரிசி ஒரு மூட்டை, அம்மி, தேங்காய்த் திருவலை, புட்டுக்குழல், சுளகு. மெத்தை, தலையணைகள், நுளம்பு வலை. யோகத்தின் வெற்றிலை வட்டா. சாமிப் படங்கள், எங்கள் கல்யாணப் படம், வீட்டிலிருந்த எங்கள் செருப்பெல்லாம். விளக்குமாற்றுக்கு உள்ளே இடமில்லை, பின்பக்க ஏணியில் கட்டினேன். கடைசியில் பின்னறையைக் கூட்டித் துடைத்துவிட்டு வெளிக்கிட்டோம். திரும்பி வருவதற்காக மூட்டை கட்டி எங்களுக்குப் பழக்கமில்லை. அது எவ்வளவு பெரிய பிழை என்று அப்போது தெரியவில்லை.

காத்தான்குடியில் கடைகள் திறந்துகொண்டிருந்தன. ஆரையம்பதியில் வேனை ஓரங்கட்டி பிளேன்டி குடித்தோம். கடைக்காரர் விளக்குமாற்றைப் பார்த்தார். பிறகு மீதிக் காசை எண்ணித் தந்தார். நாவற்குடாவிலிருந்து களுதாவளை இருபத்தைந்து கிலோமீற்றர் வரும். வேன் புதுப் பழக்கம், மெதுவாகவே ஓட்டினேன். ஒவ்வொரு பள்ளத்திலும் அம்மிக் குழவி ஒரு பக்கமிருந்து மறு பக்கம் உருண்டது.

களுதாவளையில் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து நிறுத்தினோம். பகல் முழுக்கக் கடற்கரையில் காற்று வாங்கினோம். யோகம் சின்னப் பிள்ளை மாதிரி அலையில் கால் நனைத்தாள். கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் ஒரு நாளும் சும்மா கடலைப் பார்த்துக்கொண்டு இருந்ததில்லை என்று சொன்னாள்.

பின்னேரம் சோறு வைக்க அடுப்பைப் பூட்டப் போனால் காஸ் சிலிண்டருக்கு ரெகுலேட்டர் இல்லை. சாமிப் படம் மூன்று இருக்கிறது, ரெகுலேட்டர் வீட்டில். யோகம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மிய ஏத்தத் தெரிஞ்ச மனிசனுக்கு அடுப்புத் தலைய ஏத்தத் தெரியல்ல."

"கடையில சாப்பிடுவமா?" என்றேன்.

"சம்பந்தி ஊரில, கடையில குந்தியிருந்து? ஆராவது கண்டா மச்சாள் என்ன நினைப்பா?"

மருமகனின் தாய் பூமணியை யோகம் சொல்கிறபடி நானும் மச்சாள் என்பேன். அவர் வீடு கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. திரும்பி வரும்போது பழம், பலகாரத்தோடு போவோம் என்று முடிவு செய்திருந்தோம். ஆகவே திரையை இழுத்துவிட்டு, பிஸ்கட்டும் வாழைப்பழமும் தின்று படுத்தோம்.

வெள்ளிக்கிழமை காலை யோகம் முகம் கழுவப் போயிருந்தாள். வேன் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தேன். என்னைவிடக் கொஞ்சம் மூத்த ஒரு பெண், தலை முழுகிய ஈரத்தோடு, கையில் ஒரு பையோடு நின்றார். விளக்குமாற்றைப் பார்த்தார். உள்ளே சாமிப் படங்களைப் பார்த்தார். அம்மியில் கொஞ்ச நேரம் பார்வை நின்றது.

"எந்த ஊரு தம்பி?"

"நாவற்குடா."

"புள்ளைகள் இல்லையா?"

"ஒரு மகள் அக்கா."

"வீடு?"

"மகளுக்குக் குடுத்தாச்சு."

அவர் முகம் இளகியது. "மறுகா நீங்க ரெண்டு பேரும் இதுக்குள்ளயா?" என்றார்.

இதற்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். மூன்று மாதம் ஊர் பார்க்கப் போகிறோம், மகள் எங்களை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறாள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் தலையைக் குனிந்து சிரித்தேன்.

அவர் பையிலிருந்து வாழையிலையில் கட்டிய இரண்டு சோற்றுப் பார்சல்களை எடுத்தார். "மகன் வெளிநாட்டில. அவன் சுகமா வந்து சேரணும் எண்டு, ஒவ்வொரு வெள்ளியும் வீடு வாசல் இல்லாத ரெண்டு பேருக்குச் சோறு குடுக்கிறதா நேத்திக்கடன். மறுக்காம வாங்குங்க தம்பி" என்றார்.

பார்சல் சுடச்சுட இருந்தது. நான் இரண்டு கையாலும் வாங்கினேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

யோகம் வந்து, "ஆர் தந்த?" என்றாள்.

"கோயிலுக்கு வந்த அக்கா ஒராள். நேத்தியாம்."

வீடு வாசல் இல்லாதவர்களுக்கு என்பதை நான் சொல்லவில்லை. பருப்பு, பூசணிக்காய்க் கறி, கீரை, மோர் மிளகாய். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அந்தச் சோறு அவ்வளவு ருசி. அதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

பிறகு களுவாஞ்சிகுடிக்குப் போய் ரெகுலேட்டர் வாங்கிக்கொண்டு பட்டிருப்புப் பாலத்தால் வாவியைக் கடந்தோம். பாலத்தின் இரண்டு பக்கமும் தண்ணீர் தகரம் போல் மினுங்கிக்கொண்டிருந்தது. ஒரு தோணியில் இரண்டு பேர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வாவிக்குக் கிழக்கே நாங்கள் இருப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் குளமுமாகக் கிடப்பது படுவான்கரை. கடல் இரைச்சல் பாலத்தோடு நின்றுவிடும். அதற்கப்பால் நெல்லின் பச்சையும் கொக்குகளும்தான். கொக்கட்டிச்சோலைப் பக்கமாக வடக்கே ஓட்டி, ஒரு பெரிய வயல் வட்டை ஓரமாக, வரம்புகள் கண் எட்டும் தூரம் போகிற இடத்தில் வேனை நிறுத்தினோம். யோகம் புட்டு அவித்தாள்.

வயல் காவல்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். வேனைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"உள்ள நெல்லு, அரிசி ஏதும் இரிக்கா?"

"ஒரு மூட்டை அரிசி இரிக்கி."

"நல்லாத்தான் இரிக்கி. அரிசி மணத்துக்கு யானை வந்தா, உங்கட வேன் அதுக்குப் பிஸ்கட் டின்தான். இவடத்த நிக்கக் கூடாது. ஊருக்குள்ள கோயில் வளவில போய் நில்லுங்க."

வேனில் நெடுநாள் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். அரிசியை அன்றன்றைக்கு ஒரு கொத்து அளந்து வாங்கினால் போதும். எந்த ஊரிலும் கடை இருக்கிறது.

காவல்காரர் புட்டும் வாங்கிச் சாப்பிட்டார். அவரும் வீட்டைப் பற்றிக் கேட்டார். நான் அதே பதிலைத்தான் சொன்னேன். "ச்சு" என்று நாக்கைத் தட்டினார். "பொம்புளப் புள்ளைகளும் இப்ப இப்படித்தான்" என்றார். யோகம் பானை கழுவிக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. சுருக்கென்று தைத்தது. அவருக்கு இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தேன்.

சனிக்கிழமை காலை, அவர் சொன்ன கோயில் வளவில் நின்றபோது சுதாவிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, களுதாவளைக் கோயிலடியில சோத்துப் பார்சல் வாங்கினீங்களா?"

யோகம் போனைப் பறித்து இரண்டு பேருக்கும் கேட்கும்படி வைத்தாள். மருமகனின் சித்தப்பா ஒருவர் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்திருக்கிறார். நான் பார்சல் வாங்குவதைக் கண்டிருக்கிறார். நாங்கள் போன பிறகு அந்த அக்காவிடம் விசாரித்திருக்கிறார். வீட்டை எழுதி வாங்கிவிட்டுத் தாய் தகப்பனை மகள் தெருவில் விட்டுவிட்டாள் என்று பின்னேரத்துக்குள் களுதாவளை முழுக்கக் கதை. பூமணி மச்சாள் மகனுக்குப் போன் எடுத்து, "மாமன் மாமியக் கலைச்சிட்டு அந்த வீட்டில எப்படிடா படுக்கிறாய்?" என்று கேட்டிருக்கிறார். அப்படி இல்லை என்று ரமேஷ் சொன்னதை அவர் நம்பவில்லையாம். நேரில் சொல்ல ரமேஷ் சாப்பிடாமல் தாய் வீட்டுக்குப் போய்விட்டார். இரவு திரும்பவில்லை.

"மாமி என்னோட கதைக்கிறாவில்ல அம்மா. பக்கத்து வீட்டு ஆக்களும் வந்து எட்டி எட்டிப் பாக்காங்க" என்று சுதா அழுதாள்.

யோகம் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அந்த அக்கா என்ன கேட்டா? நீங்க என்ன சொன்ன?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ட புள்ள அழுதிருக்க மாட்டா."

வவுணதீவு வழியாகப் போனால் கொஞ்ச நேரத்தில் வீடு. நான் அந்தப் பக்கம் திருப்புவோம் என்றேன். யோகம் மறித்தாள். "இப்ப வீட்ட போனா, ஊர் ஏசினதால திரும்ப எடுத்தாங்க எண்டு சொல்லுவாங்க. களுதாவளைக்கு விடுங்க. எங்க வாங்கினீங்களோ அங்கதான் சொல்லணும்."

அன்று முழுக்க நான் போகாமல் இழுத்தடித்தேன். டயரில் காற்றுக் குறைவு என்றேன், எண்ணெய் பார்க்க வேண்டும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலைதான் பட்டிருப்புப் பாலத்தைத் திரும்பக் கடந்தோம். அன்றும் வாவி அழகாகத்தான் இருந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

பூமணி மச்சாள் வாசலில் நின்றார். சத்தமான மனுஷி. வேன் நிற்குமுன் ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க அண்ணன், வாங்க. என்ட ஊருக்கு வந்து, என்ட வாசலுக்கு வராம, கோயிலடியில கெடந்து சோறு வாங்கித் தின்டீங்களாம். என்ட வீட்டுச் சோத்தில என்ன கல்லா கெடக்கு?"

பின்னால் ரமேஷ் நின்றார். கண் சிவந்திருந்தது. யோகம் முன்னே போய் நடந்ததைச் சொன்னாள். ரெகுலேட்டர், பிஸ்கட், வெறுங்கையோடு வர வெட்கப்பட்டது, எல்லாம். மச்சாள் கேட்டு முடித்து என்னைப் பார்த்தார்.

"அப்ப மருமகள் கலைக்கல்லையா?"

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"எனக்குத் தலைய ஆட்டினாப் போதும். ஊருக்குப் போதாது" என்றார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "நீ போய் உன்ட பொண்டாட்டியக் கூட்டிட்டு வா. ஓட்டோவில வா. ஊர் பாக்கட்டும்" என்றார். என்னைக் கையைப் பிடிக்காத குறையாகக் கோயிலடிக்கு நடத்திக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பார்சல் தந்த அக்காவைப் பூமணி மச்சாளே கூப்பிட்டார். கண்ணம்மா என்பது அவர் பெயர். அவரோடு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மருமகனின் சித்தப்பாவும் நின்றார். பேசத் தொடங்கியபோது என் குரல் எனக்கே கறாஜில் தகரம் அடிக்கிற சத்தம் மாதிரிக் கேட்டது.

"எங்களுக்கு வீடு இரிக்கி அக்கா. மகள் கலைக்கல்ல. போகவேணாம் எண்டு ரெண்டு நாள் அழுத புள்ள அவ. நான்தான் ஊர் பாக்கிற ஆசையில கேக்காம வந்த. அண்டைக்கு நீங்க கேட்ட நேரம் சொல்லாம, சோத்த வாங்கிட்டன். பிழை என்டதான்."

சித்தப்பா, "அப்ப அம்மியும் விளக்குமாறும் ஊர் பாக்கவா வந்த?" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் மகளின் பெயர் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். நான் தலை நிமிரப் போன நேரம் கண்ணம்மா அக்கா மெதுவாகக் கேட்டார்.

"அப்ப என்ட நேத்தி?"

அதை நான் நினைத்தே பார்க்கவில்லை. இரண்டு நாளாக என் மகளையே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த அக்காவின் மகனுக்காக நேர்ந்த சோறு என் வயிற்றுக்குள் போயிருந்தது. சிரித்தவர்களின் சிரிப்பு நின்றுவிட்டது.

அக்கா யோகத்திடம் கேட்டார். "அண்டைக்குப் பசியோட இரிந்தீங்களா?"

"முதல் நாள் ராவு பிஸ்கட்தான் அக்கா. அடுப்புப் பத்தல்ல. உங்கட பூசணிக்காய்க் கறிய இவரு இலையோட வழிச்சாரு."

அவர் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "பசிச்ச வயித்துக்குத்தான் போயிரிக்கி. அது பாவமில்ல" என்றார். "ஆனா ரெண்டு பேர் கணக்கு நிக்குது. வாற வெள்ளிக்கு நாலு பேரத் தேடணும்."

நான் ஓடிப்போய் வேனிலிருந்து அரிசி மூட்டையை இறக்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்தேன். அவர் கையை நீட்டி மறித்தார்.

"கொண்டு போங்க தம்பி. நேத்திச் சோறு என்ட அரிசியில ஆக்கணும்."

அதுவும் நியாயம். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க மூட்டையைத் திரும்பச் சுமந்துகொண்டு போய் ஏற்றினேன். அந்த இருபது முப்பது அடி நடந்ததை என்னால் மறக்க முடியாது.

மத்தியானத்துக்கு முன் ஓட்டோ வந்தது. சுதாவும் ரமேஷும் இறங்கினார்கள். பூமணி மச்சாள் எல்லாருக்கும் கேட்கும்படி, "வா புள்ள, வா. முதல்ல சாப்பிடு" என்று அவளைத் தோளோடு அணைத்தார். எங்கள் பக்கத்தில் மாமியார் மன்னிப்புக் கேட்பது இப்படித்தான்.

சாப்பாடு முடிந்து சுதா வேனுக்குள் ஏறினாள். என்னை ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"வந்து கேட்ட ஆக்களுக்கு நான் பின்னறையத் திறந்து காட்டினன் அப்பா. அப்பா அம்மா இங்கதான் இரிக்காங்க எண்டு சொல்றதுக்கு. அதுக்குள்ள ஒரு செருப்புக்கூட இல்ல. கூட்டித் துடைச்சு வெச்சிட்டுப் போயிட்டீங்க. என்னத்தக் காட்டுற?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. யோகம் என் முதுகைத் தட்டினாள்.

பிறகு சுதா தானாகவே எடுத்து வைக்கத் தொடங்கினாள். சாமிப் படங்கள், கல்யாணப் படம், அம்மி, சுளகு, வெற்றிலை வட்டா, எங்கள் நல்ல செருப்புகள், அரிசி மூட்டை. எல்லாம் ஓட்டோவில் ஏறின. விளக்குமாற்றை ரமேஷ் வந்து அவிழ்த்தார். "மாமா, போறதெண்டா போங்க. ஆனா வெளிக்கிடுற நேரம் ஊருக்குச் சொல்லிட்டுப் போங்க" என்றார். வெட்கத்தோடு, "ஓம், சொல்றன்" என்றேன். கடைசியாகச் சுதா தலையணைகளையும் தூக்கினாள். "இதுமா?" என்று யோகம் கேட்டாள். "ஓம், இதும்தான்" என்றாள் மகள்.

வேனில் நெடுநாள் போகிற ஆட்களுக்கு என் அனுபவத்தில் சொல்லக் கூடியது கொஞ்சம்தான். இரண்டு மாற்றுடுப்பு, தண்ணீர்க் கான், ஒரு பானை, ஒரு சட்டி, டோர்ச், நுளம்பு வலை, மருந்து, அடுப்புக்கு வேண்டிய எல்லாப் பாகமும். வீடு யார் பேரில் இருந்தாலும் உங்கள் சாமானில் பாதியையாவது அங்கே வைத்துவிட்டுப் போங்கள்.

மூன்று மணிபோல் களுதாவளையை விட்டு வடக்கே வெளிக்கிட்டோம். வேன் லேசாக ஓடியது. உள்ளே கால் நீட்ட இடம் இருந்தது. கண்ணம்மா அக்கா அந்த நாலு பேரை எங்கே போய்த் தேடுவார் என்று யோகம் கேட்டாள். பாசிக்குடாவில் அன்றிரவு அவள் ஒரு சேலையையும் நான் உடுக்கிற ஒரு சாரத்தையும் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தோம். விடிய எனக்குக் கழுத்து நோவு. தலையணைகள் நாவற்குடாவில் பின்னறைக் கட்டிலில் இருக்கின்றன. யாராவது வந்து கேட்டால் சுதா திறந்து காட்டுவாள்.